செத்த மரத்தை மட்டும் எடுக்கலாம்

ஆற்றுமுகப் பூங்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அதிகாரி போன வாரம் என் வீடு தேடி வந்து, "ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னைப் போய் எழுதச் சொல்கிறார்களே! மாரியாத்தா படத்துக்கு முன்னால் தாளை வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "நல்லதா நாலு எழுதுங்க, மானத்த வாங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போயிருக்கிறாள் என் மனைவி. மானம் போன கதையைத்தான் எழுதப் போகிறேன். முப்பது வருட வேலையில் எனக்கு உருப்படியாக ஏதாவது புத்தி வந்தது என்றால், அது நான் செய்த ஒரு பெரிய தப்பினால் வந்தது. ஆத்தா என்னைத் திட்டமாட்டாள். மனைவி திட்டினால் பார்த்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலா சிலாங்கூருக்கு வடக்கே, ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி, கடலோரமாக மண்ணால் கட்டிய அணை ஒன்று ஓடும். நான் அந்தக் கடலணையைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. புல் வெட்டுவது, நண்டு வளை அடைப்பது, மதகுக் கதவு ஏற்றி இறக்குவது எல்லாம் உங்கள் கைப்புத்தகத்தில் இருக்கும், அதை விடுங்கள். நீங்கள் மனத்தில் படமாக வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். அணைக்கு இந்தப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், எங்கள் மாரியம்மன் கோயில். அந்தப் பக்கம் சேறு. சேற்றில் ஊன்றுகால் போட்டு நிற்கும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரக்காடு. அதற்கப்பால் கடல். பெரிய ஓதம் வரும் நாளில் கடல் எங்கள் முதல் லயத்து வாசற்படியைவிட உயரத்தில் நிற்கும். நடுவில் இருப்பது வெறும் மண். அந்த மண்ணை அலை கரைத்துவிடாமல் வாங்கிக்கொள்வது பாக்காவ் காடு. இப்போது உங்கள் பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு இதைப் பலகையில் படம் போட்டு விளக்குகிறீர்கள். அன்றைக்கு அதை நாங்கள் பயத்தினால் தெரிந்து வைத்திருந்தோம்.

ஆனால் எல்லோருக்கும் அந்த மரம் வேண்டும்! கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களுக்கு நண்டுப் பொறி கட்டவும் மீன் வேலி போடவும் கழி வேண்டும். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கோ தீமிதிக்கு வேண்டும். பாக்காவ் விறகைப்போல் எரியும் விறகு வேறு கிடையாது. வெடிக்காது, சீறாது, கண்ணைக் கரிக்காது. எரிந்து முடிந்தால் பூக்குழி முழுக்க ஒரே சீராகச் செம்பருத்தி விரித்தாற்போல் கிடக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மூத்த மகள் நிமோனியாவில் கிடந்து பிழைத்தெழுந்த வருடத்திலிருந்து நானும் காப்புக் கட்டி இறங்குகிறவன்தான். காட்டைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவனும் நான், அந்தக் காட்டு விறகின் நெருப்பில் நடக்கிறவனும் நான். இந்த இரண்டு காலிலும்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது எங்களுக்கு ஒரு மலாய் எஞ்சினியர் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். சேற்றில் இறங்க அஞ்சாதவர். அணையை ஒட்டிய காட்டில் வெட்டு அதிகமாகிறது என்று பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, "மண்டோர், ஒரேயடியாகத் தடை போட்டால் சண்டை வரும். இந்த ஜனங்களை உனக்குத்தான் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லாமல் ஒரு விதி சொல், பலகையில் எழுதிவிடுவோம்" என்றார்.

எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் குளித்துக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ஆத்தாவே நாக்கில் எழுதியதுபோல வந்தது: செத்த மரத்தை மட்டும் எடுக்கலாம். பச்சை மரத்தைத் தொடக்கூடாது. எஞ்சினியர் கைதட்டிச் சிரித்தார். மலாயிலும் தமிழிலும் பலகை எழுதி அணைமேல் நட்டோம். தமிழ் எழுத்து என் கையெழுத்து. அந்த வருடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காட்டில் பட்டுக் கிடந்த மரங்களை எடுத்தார்கள், தீமிதி குறைவில்லாமல் முடிந்தது. கோயில் கமிட்டியில் எனக்கு மாலை போட்டார்கள். நான் அந்த மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்து போனேன்.

மறு வருடம் மாசி மாதம். அணை ஒரு இடத்தில் முழங்கை மடக்கியதுபோல் வளையும். அந்த வளைவுக்கு முன்னால் காட்டில் மரங்கள் பழுத்து இலை கொட்ட ஆரம்பித்தன. முதலில் ஐந்தாறு, பிறகு இருபது, பிறகு நாற்பதுக்கு மேல். நான் பதறிப்போய் எஞ்சினியரிடம் ஓடினேன். "துவான், மரத்துக்கு ஏதோ நோய்!" அவரும் நம்பினார். கோலாலம்பூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். சேற்றில் கால் படாமல் அணைமேலேயே நின்று, நான் பறித்துக் கொடுத்த இலைகளைப் பையில் போட்டு எடுத்துப் போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. நோய் என்னவென்று இன்னும் தெரியவில்லை, பரவாமல் இருக்க அந்தப் பகுதியில் உள்ள மரங்களை, பச்சையோ காய்ந்ததோ, மொத்தமாக வெட்டி எரித்துவிடுவது நல்லது என்று எழுதியிருந்தார். எஞ்சினியர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, எத்தனை மரம் என்று எண்ணிவரச் சொன்னார்.

பங்குனி அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், மத்தியானம், வற்று நேரம். நான் பென்சிலும் தாளுமாக எண்ணிக்கொண்டிருந்தேன். நண்டுக் கூடையோடு சேற்றிலிருந்து ஏறி வந்தார் மாக்சிக் ஜாரா. மாக்சிக் என்றால் மலாயில் பெரியம்மா மாதிரி. கம்பத்தில் கணவனை இழந்து, நண்டு பிடித்தே நாலு பிள்ளைகளை வளர்த்த அம்மாள். வாய் மட்டும் எங்கள் அணையைவிட நீளம். நாங்கள் பேசியது மலாயில். தமிழில் சொல்கிறேன்.

"என்ன மண்டோர், மரத்துக்கு ஜுரம் பாக்குறியா?"

"நோய் வந்திருக்கு மாக்சிக். எதுன்னுதான் தெரியல."

"எனக்குத் தெரியும் லா. அதுக்குப் பேரு கத்தி."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு காய்ந்த மரத்தின் பக்கத்தில் போய், ஊன்றுவேர்களுக்கு மேலே, இடுப்பு உயரத்தில் அப்பியிருந்த சேற்றை நண்டுக் கம்பியால் சுரண்டினார். சேற்றுக்கு அடியில் பட்டை இல்லை! மரத்தைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்து எடுத்திருந்தார்கள். அப்படி உரித்தால் எந்த மரமும் நின்றபடியே பட்டுப்போகும். அடுத்த மரத்தைச் சுரண்டினேன். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பாக்காவ் காட்டில் எந்த மரத்தில்தான் சேறு இல்லை? வெளியே இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்?

குனிந்து உற்றுப் பார்த்தேன். வெட்டு கோணாமல் மாணாமல், சரிவாக இறங்கி, ஆழம் மாறாமல் மரத்தைச் சுற்றி வந்திருந்தது. காடு வெட்டும் பாராங்கத்தியால் இப்படி உரிக்க முடியாது. இது ரப்பர் பால்மரம் சீவும் கத்தி. பதினைந்து வயதில் நானும் பிடித்த கத்தி. எங்கள் லயத்து ஆட்களின் கைவேலை.

நான் என்ன எழுதி வைத்திருந்தேன்? செத்த மரத்தை எடுக்கலாம். அப்படியென்றால் மரத்தைச் சாகடித்தால் எடுக்கலாம்! பிள்ளைகளே, இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். ஒரு விதி எழுதினால், அது எதைத் தடுக்கிறது என்பதை மட்டும் நான் பார்த்தேன். அது ஜனங்களை எதைச் செய்யச் சொல்கிறது என்று பார்க்கவில்லை. என் பலகை தினமும் அணைமேல் நின்று, மரத்தைக் கொல்லு, கொல்லு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் என் கையெழுத்தில்.

"ஏன் மாக்சிக் முன்னாடியே சொல்லல?" என்று கத்தினேன்.

"கேட்டியா?" என்றார் அவர். "கோலாலம்பூர்லேருந்து சப்பாத்து போட்ட ஆளக் கூட்டிட்டு வந்து இலையப் பறிச்ச. தினமும் இந்தச் சேத்துல நிக்கிற என்னக் கேட்டியா?"

எண்ணிக்கை எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

வளைவின் அந்தப் பக்கத்திலிருந்து கோடாரிச் சத்தம் கேட்டது. ஓடினேன். அணையடியில் தோட்டத்து லோரி நின்றது. எட்டுப் பத்துப் பேர் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது மரம் போல நான் வருவதற்கு முன்பே சாய்த்து, கிளை கழித்து, ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்காகத் துண்டு போட்டு லோரியில் ஏற்றியாகிவிட்டது. நடுவில் இடுப்பில் கைவைத்து நின்று அதட்டிக்கொண்டிருந்தவர் மாணிக்கம். கோயில் தலைவர். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். தீமிதிக்கு இன்னும் பதின்மூன்று நாள். விறகு காய வேண்டுமே.

"வாங்க மாப்ள! எங்கடா காணோமேன்னு பாத்தேன். இந்த வருஷம் ஆத்தா அள்ளிக் குடுத்திருக்கா பாத்தீங்களா?"

"மச்சான், நிறுத்தச் சொல்லுங்க. பட்டைய உரிச்சது யாரு?"

அவர் முகத்தில் ஒரு துளி வெட்கம் வரவேண்டுமே! "நாங்கதான்" என்றார். "போன தீமிதி முடிஞ்ச கையோட பண்ணினோம். ஒவ்வொரு மரத்துக்கும் கற்பூரம் காட்டி, மன்னிச்சுக்கோ தாயின்னு கேட்டுட்டுத்தான் சீவினோம். பூசாரியக் கேளுங்க."

"பச்ச மரத்தத் தொடக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்குல்ல?"

"கோடாரியால தொடல மாப்ள. செத்த பொறவுதான் வெட்டுறோம். நீங்க எழுதினதுதானே? படிச்சுக் காட்டட்டுமா?" வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மாலை போட்ட அதே ஆட்கள்.

நான் சொன்னேன், செத்த மரமாக இருந்தாலும் வேர் சேற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அடிமரம் அலையை உடைக்கிறது, இதையும் எடுத்துவிட்டால் வளைவில் மண் தனியாக நிற்கும் என்று. மாணிக்கம் காதில் வாங்கவில்லை. "காப்புக் கட்ட நாலு நாள்தான் இருக்கு. எழுபது பேரு இறங்குறாங்க. நீங்களும்தான். வெறுங்குழியிலயா நடக்கப் போறீங்க?" என்றார்.

இப்படி நாங்கள் நின்று வாதாடிக்கொண்டே இருந்ததில் மணி நாலரை ஆகிவிட்டது. ஓதம் ஏறத் தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. அமாவாசை ஓதம், அதோடு மேற்கிலிருந்து காற்று. கடல் காட்டுக்குள் நுழைந்து வந்தது. மற்ற இடங்களில் அலை மரங்களுக்குள்ளேயே நசுங்கிப்போனது. வளைவில் மட்டும், வெட்டிய வெளி வழியாக, தடுக்க ஆளில்லாமல் நேராக அணையில் வந்து அறைந்தது. ஐந்தரை மணிக்கு அணையின் அடியில் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு மண்கட்டி அப்படியே கழன்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. ஓதம் உச்சிக்குப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஒருவனை சைக்கிளில் அனுப்பி எஞ்சினியருக்குப் போன் போடச் சொன்னேன். அவர் சபாக் பக்கம் வேலையாகப் போயிருந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதாவது, கேட்க ஆளில்லை. இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது மண்டைக்குள் பத்துக் காரியம் ஒன்றாகக் கத்தும். நான் செய்த ஒரே நல்ல காரியம், முதலில் மண்ணைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்த்தேன். லோரி ஓட்டுநரை லயத்துக்கு ஓடச் சொல்லி, முதல் லயத்தில் இருக்கிற குழந்தைகளையும் கிழடுகளையும் தோட்டத்து ஸ்டோர் மேட்டுக்கு ஏற்றிவிட்டு, கையில் பலமுள்ள ஆண், பெண் எல்லோரையும் உரச்சாக்கோடு இங்கே வரச்சொன்னேன். அதற்கப்புறம்தான் அணையைத் திரும்பிப் பார்த்தேன். அலை அறையும் இடத்துக்கு முன்னால் வேலிபோல் எதையாவது நட்டு, பின்னால் சாக்கு அடுக்கினால் நிற்கும். நடுவதற்கு மரம் வேண்டும்.

மரம் லோரியில் இருந்தது.

"இறக்குங்கடா!" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

மாணிக்கம் லோரிக்கு முன்னால் வந்து கையை விரித்து மறித்தார். அவர் நடித்து நான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு நடிக்கவில்லை. "மாப்ள, அது அம்மனுக்கு நேர்ந்த மரம். கற்பூரம் காட்டியாச்சு. வேற எதுக்கும் தொட்டா குடும்பம் வெளங்காது. உங்க மகளையும் நெனச்சுக்குங்க."

மகள் பேச்சை எடுத்ததும் நானும் பின்வாங்கிவிட்டேன். இதை மறைக்க மாட்டேன். கடல் ஏறி வருகிறது, பின்னால் லயம் இருக்கிறது, இருந்தும் நான் லோரியைத் தொடப் பயந்து நின்றேன். எல்லோரும் பூசாரியைப் பார்த்தோம். எங்கள் பூசாரி நாற்பது வயதுக்காரர், வார நாட்களில் எண்ணெய் ஆலையில் பாய்லருக்கு நெருப்புப் போடுகிறவர். முதல் வெட்டுக்குக் கற்பூரம் காட்ட லோரியில் வந்தவர், அணைமேல் நின்றிருந்தார்.

"எல்லாரும் எம் மூஞ்சியவே ஏண்டா பாக்குறீங்க? தண்ணியப் பாருங்கடா!" என்று கத்தினார். பிறகு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். "நெருப்புல தர்றதா சொன்னோம். ஆத்தா தண்ணியில நின்னு கேக்குறா. குடுத்துட்டுப் போங்கடா" என்று சொல்லி, வேட்டியை வரிந்து கட்டி, லோரியில் ஏறி முதல் மரத்தைத் தம் தோளிலேயே தூக்கினார்.

அவ்வளவுதான்! அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். மரங்கள் சரிந்து இறங்கின. நாலு பேர் முனை சீவினார்கள். மாணிக்கமும் நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முதல் மரத்தை நிறுத்திப் பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தோம். மரம் அசைந்து கொடுத்துவிட்டு, அடுத்த அலையில் எங்களையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. வாயெல்லாம் உப்புச் சேறு. அணைமேலிருந்து ஒரு சிரிப்பு. மாக்சிக் ஜாரா! வீட்டுக்குப் போன அம்மாள் எங்கள் கூச்சலைக் கேட்டு இரண்டு மகன்களோடு சம்பான் படகில் வந்திருந்தார்.

"அடிக்காத லா, ஆட்டு! சேறு அடிக்குப் பயப்படாது. கொஞ்சிக் கேட்டாதான் வழி விடும்!"

ஒரு மரத்தை நிறுத்தி, இரண்டு மகன்களையும் இருபுறமும் பிடிக்கவைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மெல்ல ஆட்டச் சொன்னார். மரம் வெண்ணெயில் கத்திபோல் இறங்கியது. கடலைப் பார்த்துக் கொஞ்சம் சாய்வாக நடவேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். மீன் வேலி போட்டுப் பழகிய குடும்பம். அதற்கப்புறம் எங்களுக்கெல்லாம் அவர்தான் மண்டோர். "ஏய் தலைவரு! ஆட்டுன்னா மரத்த ஆட்டு, இடுப்ப ஏன் ஆட்டுற?" என்று மாணிக்கத்தைப் பார்த்து மலாயில் கேட்டார். அந்த நேரத்திலும் எங்கள் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லயத்திலிருந்து ஐம்பது அறுபது பேர் வந்துவிட்டார்கள். அணையின் உள்பக்க மண்ணைத் தொடாதீர்கள், தோட்டத்து மேட்டிலிருந்து அள்ளுங்கள் என்று நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. சாக்கு கைமாறிக் கைமாறி வந்தது. என் மனைவி வரிசையில் மூன்றாவதாக நின்றாள். சாக்கை வாங்கும்போதெல்லாம் தன் அண்ணனைத் திட்டினாள், கொடுக்கும்போதெல்லாம் என்னைத் திட்டினாள்.

ஏழு மணிக்குத் தண்ணீர் அணையின் தோளுக்கு வந்துவிட்டது. ஒரு இடத்தில் உள்பக்கம் கசிந்து, கீழே இருந்த கீரைப் பாத்திகளுக்குள் இறங்கியது. இன்னும் ஒரு சாண் ஏறினால் எல்லாம் முடிந்தது. மாக்சிக் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் அந்தக் குச்சியைப் பார்த்தோம். பூசாரி "மகமாயி, மகமாயி" என்றார். மாக்சிக் தம் தொழுகை வார்த்தைகளைச் சொன்னார். தண்ணீர் ஏறவில்லை, இறங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு குச்சியில் ஒரு விரற்கடை அளவுக்கு ஈரம் மட்டும் தெரிந்தது.

"திரும்பிடுச்சு!" என்றார் மாக்சிக்.

அன்றைக்கு நாங்கள் போட்ட சத்தம் ஈஜோக் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்!

மறுநாள் விடியற்காலையில் மாணிக்கம் வந்தார். சேறு காயாத காலோடு வாசலிலேயே நின்றார். "மாப்ள, கோப்புல நோய்னுதானே இருக்கு. நோயாவே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். "போலீசு கேசாச்சுன்னா எட்டுப் பேரு வேலை போகும். கோயில் பேரும் கெடும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என் முட்டாள்தனமும் அந்தக் கோப்புக்குள்ளேயே புதைந்துபோகும். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கோப்பில் இன்னொன்றும் இருந்தது: நோய் பரவாமல் இருக்க அந்தப் பகுதி மரங்களை மொத்தமாக வெட்டி எரித்துவிடுவது நல்லது. வளைவில் மிச்சமிருக்கிற காட்டையும் அரசாங்கமே வெட்டும். அடுத்த பெரிய ஓதத்துக்கு லயத்தை எந்த மரம் காக்கும்? ஒரு பொய்யைச் சும்மா கோப்பில் படுக்க வைக்க முடியாது, பிள்ளைகளே. கோப்பில் இருப்பதை யாராவது ஒருவர் நம்பி வேலை செய்வார்.

இதைத்தான் மாணிக்கத்திடம் சொன்னேன். அவர் திரும்பிப் போய்விட்டார். நான் விளக்கேற்றிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். எஞ்சினியர் அணையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஆள் பெயரை மட்டும் விட்டு, மற்றதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்து கறுத்தது. "யார் உரித்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் கதவருகே, "நான்தான் துவான், கமிட்டித் தலைவர்" என்று குரல் கேட்டது. மாணிக்கம், வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கல்யாணத்துக்கு வந்தவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

எஞ்சினியர் எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து, "பலகையை எழுதியது யார்?" என்றார்.

"நான், துவான்."

"கைதட்டியது யார்?"

"நான்" என்று அவரே சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். போலீசுக்குப் போகவில்லை. நிபுணருக்கு உண்மையை எழுதினார். வளைவு முழுக்கக் கோயில் ஆட்களே பாக்காவ் விதை நடவேண்டும், நட்டது பிடிக்காவிட்டால் மறுபடி நடவேண்டும் என்றார். விதை நடுவதைக் காப்புக் கட்டுகிறவர்களின் நேர்த்தியோடு சேர்த்துவிட்டார் பூசாரி. முதல் நடவு அத்தனையும் ஒரே வாரத்தில் அடித்துக்கொண்டு போனது, இரண்டாவது நடவுதான் நின்றது.

தீமிதி நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது! "நெருப்பப் பத்தி எனக்கா சொல்ற? தினம் பாய்லருக்குத் தீனி போடுறவன்டா நான்" என்று பூசாரி மார்தட்டினார். தோட்டத்தில் அழித்துக்கொண்டிருந்த பழைய பால்மரங்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வீடு தேங்காய்ச் சிரட்டை சேர்த்து, குழியை நிரப்பினார். அது சீறியது, வெடித்தது, பொறி பறந்தது. ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் தணல். எழுபது பேரும் இறங்கினோம். எனக்கு இடது காலில் ஒரு கொப்புளம். ஆத்தா என் பங்குத் தண்டனையை அளந்து கொடுத்தாள் என்று வாங்கிக்கொண்டேன்.

திருவிழா முடிந்ததும் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, "சரி மண்டோர், புதுப் பலகைக்கு விதி சொல்" என்றார்.

"நான் சொல்லமாட்டேன் துவான்" என்றேன். "பழைய விதியைத் தோற்கடித்த ஆளைக் கூப்பிடுங்கள். அவர் முன்னால் வைத்து எழுதுவோம். மாக்சிக்கையும் கூப்பிடுவோம்."

எஞ்சினியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் கூப்பிட்டார். மதகுக் கொட்டகையில் கூடினோம். நாலு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் தேநீர். எஞ்சினியர் தாளைப் பார்த்துப் படித்தார்: "மாதத்தில் ஒரு நாள் மட்டும் வெட்டலாம்."

"அந்த ஒரு நாள்ல தோட்டத்தையே எறக்கிடுவோம் துவான்" என்றார் மாணிக்கம்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம்."

"எங்க லயத்துல இன்னிக்குப் பன்னண்டு குடும்பம். பலகை வச்ச மறுநாள் வந்து எண்ணிப் பாருங்க, முப்பது இருக்கும்."

"முழங்கால் பருமனுக்கு மேல் வளர்ந்த மரம் மட்டும்."

"யாரு முழங்கால்?" என்று மாணிக்கம் கேட்க, மாக்சிக் தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நான் என் பேரனக் கூட்டிட்டு வருவேன் லா!"

இப்படியே ஆறு விதி எழுதினார், ஆறும் போச்சு. மாணிக்கத்துக்கு ஒரே உற்சாகம். வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக அவர் சொல்வதை யாரும் எழுதிக்கொண்டதில்லை. நானும் எஞ்சினியரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் மாக்சிக்தான், "இந்த ஆளுக்கு வேண்டிய மரத்த இவர் கண்ணே பாத்து எடுத்தா இப்படித்தான். நான் பாத்துக் குறி போடுறேன், அத மட்டும் எடுக்கட்டும்" என்றார்.

எஞ்சினியர் பேனாவை நிமிர்த்தினார். "உங்களுக்கு வேண்டிய கழியை?"

"அத இவர் குறி போடட்டும். எனக்கென்ன பயம்?"

எஞ்சினியர் மெதுவாக எழுதிப் படித்தார். வளைவில் யாரும் எதையும் எடுக்கக்கூடாது. மற்ற இடத்தில் கோயிலுக்கு வேண்டிய மரத்தைக் கம்பத்து ஆட்கள் குறி போடவேண்டும். கம்பத்துக்கு வேண்டிய கழியைக் கோயில் ஆட்கள் குறி போடவேண்டும். குறி இல்லாத மரம், பச்சையோ செத்ததோ, யாருக்கும் இல்லை. படித்துவிட்டு மாணிக்கத்தைப் பார்த்தார்.

மாணிக்கம் வாயைத் திறந்தார். மூடினார். கூரையைப் பார்த்தார். விரல்விட்டு ஏதோ எண்ணினார். எழுந்து வாசல்வரை போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வந்தார். தேநீர் ஆறிப்போனது.

"என்ன மச்சான், ஓட்டை கிடைக்கலியா?" என்றேன்.

"இருங்க மாப்ள, அவசரப்படுத்தாதீங்க." இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மாக்சிக்கை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இந்தம்மா கால்ல விழுந்தாலும் ஒரு சுள்ளி கூடச் சேத்துக் குடுக்காது லா. எழுதிக்குங்க துவான்."